இருபது சென்டிமீட்டர் ஃபத்தீர்

கட்டிய மனைவியின்மேல் வட்டத்தின் பரப்பளவைப் பிரயோகிக்கும் ஆண்களைத் தண்டிக்க நாட்டில் ஒரு சட்டம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது சட்டம்தான் என்பதால் முதல் குற்றவாளியின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். வக்தி. நில அளவைத் துறை அதிகாரி. என் அப்பா.

அவருக்குச் சர்க்கரை. ஆனால் எங்கள் ஊர் ஸகாஸீக்கில், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் மனிதனுக்கு ஃபத்தீர் இல்லாவிட்டால் அது வெள்ளிக்கிழமையே இல்லை. நெய் பூசி மடித்து, மடித்து நெய் பூசி, சுட்டு, கரும்புப்பாகில் தோய்த்துத் தின்னும் அந்த ரொட்டியின் பெயரைக் கேட்டதுமே டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாவின் கண் கலங்கியதைப் பார்த்து, "சரி, வாரத்துக்கு ரெண்டு. உள்ளங்கை அகலம்" என்று இறங்கி வந்தார். யார் உள்ளங்கை என்று அவர் சொல்லவில்லை. அம்மா தன்னுடையதை அளந்தாள். பத்து சென்டிமீட்டர்.

அப்பா ஒரு மாதம் தாங்கினார். ஒரு வியாழக்கிழமை மாலை, தேநீர் வேளையில் ஆரம்பித்தார்.

"இன்ஷிராஹ், உன்னப் பாத்தா மனசு கேக்கல."

"ஏன், நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"வெள்ளிக்கிழமையானா ரெண்டு தடவ தட்டி, ரெண்டு தடவ மடிச்சு, ரெண்டு தடவ அடுப்புச் சூட்டுல நிக்கற. இனிமே ஒண்ணே ஒண்ணு செய்."

"ஒண்ணு போதுமா உங்களுக்கு?"

"போதும். இருபது சென்டிமீட்டர் அகலத்துல ஒண்ணு."

அம்மா தேநீரில் புதினா இலையைக் கிள்ளிப் போட்டாள். "ரெண்டு பத்து இருபது. சரியாத்தான் இருக்கு."

"கணக்குன்னா கணக்குதான். தடிமன் மட்டும் பழைய தடிமனே இருக்கணும். மெலிசா இழுத்து ஏமாத்தக் கூடாது."

"நான் எதுக்குங்க ஏமாத்தப் போறேன்?"

அம்மா அடுக்களைக்குப் போனதும் அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"சுஹா, ஒரு விஷயம். அம்மாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால் சத்தியம் செய்யாதே என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"அகலம் ரெண்டு மடங்கானா பரப்பு எத்தன மடங்கு?"

"ரெண்டு. இல்ல இருங்க, ஆரத்த ஆரத்தாலயே பெருக்கணும். நாலு."

"ஆக, அந்த ஒண்ணு சின்னது நாலுக்குச் சமம். டாக்டர் தந்தது ரெண்டு. நில அளவைத் துறை தந்தது ரெண்டு."

"அம்மாவ ஏமாத்துறீங்க."

"நான் ஒரு பொய்யாவது சொன்னேனா?"

"உங்க உடம்புக்காகத்தானே அம்மா பாடுபடுறா."

"உடம்பு என்னுது."

"மயக்கம் போட்டு விழுந்தா தூக்கறது யாரு? நில அளவைத் துறையா?"

அவர் தேநீரை உறிஞ்சினார்.

மறுநாள் காலை, சத்தியத்தையும் மீறாமல் அம்மாவையும் காப்பாற்றப் பார்த்தேன். "அம்மா, வட்டம்னா என்னன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கியா?"

"கையெல்லாம் மாவா இருக்கு. அந்தப் பக்கம் போ."

படித்த பெண்ணின் உதவிக்கு இந்த வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

தொழுகை முடிந்து அப்பா வந்தார், கையில் கரும்புப்பாகுப் புட்டியோடு. வழக்கமாக வாங்குவதைவிடப் பெரிய புட்டி. ஒப்புதல் வாக்குமூலத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

துணி மூடிய தட்டை அம்மா கொண்டுவந்து வைத்தாள். அப்பா பிஸ்மில்லாஹ் சொல்லித் துணியை விலக்கினார். பொன்னிறம். நெய் மினுமினுப்பு. நடுவில், தட்டில் வரைந்திருந்த நீலப்பூ முழுசாகத் தெரிந்தது. ஃபத்தீர் அதைச் சுற்றிச் சைக்கிள் டயர் போலப் படுத்திருந்தது.

"இது என்ன?"

"ஃபத்தீர்."

"நடுவுல எங்க?"

"அங்க மாவு பத்தல."

அப்பா பையிலிருந்து டேப்பை எடுத்தார். உயிரை வாங்க மலக்குல் மவுத்தே வந்து நின்றாலும் உயரத்தை அளந்துவிட்டுத்தான் உயிரைக் கொடுப்பார். வெளி அகலம் இருபது. தடிமன் பழைய தடிமன். ஓட்டை பதினாலு, ஒரு நூல் கூட. உதடுகள் கணக்குப் போட்டன. முகம் சுருங்கியது.

"சரிபாதி போச்சு" என்றார் என்னிடம். பிறகு அம்மாவிடம், "எப்படிக் கணக்குப் போட்ட?"

"கணக்கா? எப்பவும் எடுக்கற ரெண்டு உருண்டை மாவுதான் எடுத்தேன். நீங்க கேட்ட தடிமன் வெச்சேன். கேட்ட அகலத்துக்கு வளைச்சேன். மிச்ச இடத்துக்கு நான் எங்க போவேன்?"

"முழு வட்டம்னு அர்த்தம், இன்ஷிராஹ்."

"எப்போ சொன்னீங்க?" அம்மா என்னிடம் திரும்பினாள். "நீதானே பக்கத்துல இருந்த, சுஹா. முழுசுங்கற வார்த்த வந்துச்சா?"

வரவில்லை. அகலம் வந்தது, தடிமன் வந்தது, முழுசு வரவில்லை. அப்படியே சாட்சி சொன்னேன். அம்மா சார்பாக வாதாட நான் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் வீண். அவளுக்கு வக்கீலே தேவைப்படவில்லை.

அப்பா ஓரத்திலிருந்து ஒரு துண்டு பிய்த்தார். அம்மா கரும்புப்பாகுப் புட்டியை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளிக்கு முப்பது சென்டிமீட்டர் வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க. ஓட்டைய இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சுத் தர்றேன்."