சுண்ணாம்பு பூசிய முட்டை

முட்டை உடைந்து சரியாக ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பறவைப் பூங்காவின் ஒரே பாம்புத்தாரா ஜோடி, குளத்து நடுவில் பாதி மூழ்கிய மரத்தில் கூடு கட்டி, ஐந்து வருடம் கழித்து இட்ட ஒரே முட்டை. கூட்டிலிருந்த மீன்முள்ளை எடுக்கப் படகில் போன பராமரிப்புப் பெண்ணின் கை பட்டு, உருண்டு, படகுக்குள் விழுந்துவிட்டது. அவள் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. மேலதிகாரியான பூங்காக் காப்பாளருக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

தாய்ப்பறவை கழுத்தை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மீன் தேடிக்கொண்டிருந்தது. ஆண் பறவை கிளையில் இறக்கை விரித்து ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தது. நல்லவேளை, இரண்டுக்கும் பேச்சு வராது.

வாத்துக் கொட்டகைக்கு ஓடினாள். "அக்கா, ஒரு முட்டை குடுங்க. சின்னதா."

"எதுக்கும்மா?"

"ஆம்லெட்டுக்கு."

வாத்துக்காரக்கா எதையோ கேட்க வந்து, கேட்காமல் விட்டாள்.

பாம்புத்தாரா முட்டைமேல் வெள்ளைப் பூச்சு இருக்கும். அவள் வாத்து முட்டையில் சுண்ணாம்பு தடவிக் கூட்டில் வைத்தாள். தாய்ப்பறவை கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் மருத்துவர் வந்தார். "முட்டைக்குள்ள விளக்கடிச்சுப் பாத்துடலாமா?"

"வேணாம் டாக்டர், தாய் பயந்துடும்."

"ஆமா, தொடவே கூடாது" என்று காப்பாளர் அவளைவிட வேகமாகச் சொன்னார். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவளுக்கு.

"சரி, தொடாம ஒரு கேமரா வச்சுடுவோம்" என்றார் மருத்துவர்.

இனி முட்டையை எடுத்து ஒளிக்கவும் வழியில்லை. கேமராவில் தெரிவதைக் காட்ட வாசலில் பெரிய திரை வந்தது, கூட்டம் வந்தது, கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநரே வந்துவிட்டார்.

இருபத்தெட்டாம் நாள் ஓடு பிளந்தது. மஞ்சளாய், தட்டை அலகோடு ஒன்று எழுந்து நின்றது. மீன் ஊட்ட வாய் திறந்த தாயைச் சட்டை செய்யாமல், ஈரம் காய்ந்ததும் தண்ணீரில் குதித்துத் தக்கை மாதிரி மிதந்தது.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது என்ன வகைய்யா?"

"புது வகையா... இருக்கலாம் சார்." காப்பாளருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

தனக்காக இவர் பொய் சொல்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு உருகியது. "தப்பு என்மேல சார். நிஜ முட்டையை நான்தான் உடைச்சேன். இது வாத்து முட்டை."

சொல்லிவிட்டு அழுதே விட்டாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வாத்துக்காரக்காவின் குரல் வந்தது:

"அழாதம்மா, நீ உடைச்சதும் என் வாத்து முட்டைதான். நிஜ முட்டையை உங்க காப்பாளர் சார் அதுக்கு முந்தின வாரமே உடைச்சிட்டு, எங்கிட்டதான் வந்து நின்னாரு."