அந்தோனியார் கூட்டுக்கு ஓட்டை போட்ட கதை

"அந்தோனியாரே கீழ விழுந்துட்டா, அப்புறம் யாருப்பா அற்புதம் செய்வாரு?"

ஆறு வயது டிலானி ஒரு நாள் இப்படிக் கேட்டாள். அவள் அப்பா அல்பிரட்டுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

திருநாளுக்கு அந்தோனியார் சிலையை, அந்தச் சுருவத்தை, வைத்துத் தூக்கும் மரக்கூட்டின் அடிப்பலகை உளுத்துவிட்டது. புதுப் பலகையில் துளை போட்டுத் திருகாணியால் கூட்டை முடுக்க வேண்டும். "டவுன்ல தச்சுவேல செய்ற லாபிர் பாஸ்கிட்ட குடுத்திருவோம்" என்றார் கோயில் கமிட்டித் தலைவர் ரொபர்ட்.

"எதுக்குங்க? நம்மகிட்டயே மெஷின் இருக்கு" என்று சபை நடுவே எழுந்து சொன்னார் அல்பிரட். வாயை மூடிக்கொள்ளலாம், வெளியே போன சொல்லை யார் பிடிப்பது?

மெஷின் இருந்தது உண்மைதான். ரப்பர் பெக்டரி கழித்துப்போட்ட கிழட்டுத் துளை மெஷின். அதற்கென்று எஹலியகொட நிலாம் கடையில் ஒரு சாண் நீளத்தில் துளைக்கும் கம்பியான புது பிட்டும் வாங்கியிருந்தார். தினமும் வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றி, துடைத்து, டின்னில் வைத்துவிடுவார். அது பெக்டரி வேலையில் வந்த பழக்கம்.

முதல் நாள் துண்டுப் பலகையில் போட்ட துளை, குறியை விட்டுச் சற்றே விலகியது.

"மெஷினுக்கு வயசாச்சு, அவ்வளவுதான்" என்று டின்மீன் தகரத்தை வெட்டி அடியில் சொருகினார். மறுநாள் துளை இன்னும் விலகியது.

"அதிருது தெரேசம்மா, அதான்" என்று காய்ந்த ரப்பர் சீட்டை மடித்துக் கால்களுக்கு அடியில் வைத்தார். மெஷின் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது.

"கட்டிப் போடுங்க, புல்லு தின்னப் போயிரும்" என்றாள் மனைவி தெரேசம்மா.

கட்டித்தான் போட்டார். சுவரோடு சேர்த்து ஆணி முடுக்கினார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. சுவிட்சைப் போட்டதும் அந்தப் பக்கம் சட்டி பானைகள் உருளும் சத்தம் கேட்டது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மூக்காயி ஓடி வந்தாள். புருஷன் கொழும்புக் கடையில் வேலை என்பதால், பெண்பிள்ளைகளோடு தனியே இருப்பவள்.

"அண்ணே, பூமி நடுங்குதா?"

"இல்லம்மா, மெஷின்."

"அப்ப சரி. நான் பயந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சட்டிகளை அடுக்கப் போனாள்.

அல்பிரட் ஆணியைப் பிடுங்கினார். அடுத்த நாள் மெஷினின் வயிற்றையே பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினார். பெயாரிங் குண்டு ஒன்று உருண்டு காணாமல் போனது. கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினார், கிடைக்கவில்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார்தானே? முழங்காலில் நின்று மன்றாடினார்.

இரவு சாப்பாட்டில், பருப்புக்குள் 'கடக்' என்றது. அந்தோனியார் குண்டைக் கொடுத்துவிட்டார். பல்லில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

திருநாளுக்கு முந்திய மாலை கழுவித் துடைத்த மெஷின் தயாராக நின்றது. பிட்டை மாட்டி ஓட விட்டார். பிட்டின் நுனி பம்பரத்தின் தலை போலச் சுற்றிச் சுற்றி ஆடியது. துளையில் விரலே நுழைந்தது. துண்டுப் பலகைகள் தீர்ந்து, மிஞ்சியிருந்தது கூட்டுக்கான நல்ல பலகை மட்டும்.

"ரொபர்ட்கிட்ட போய் தோத்துட்டேன்னு சொல்லிர்றேன்" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்திருந்தது.

மூக்காயி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இருட்டுது. கம்பிய தாறீங்களா?"

தெரேசம்மா கண்ணால் என்னவோ சைகை காட்டினாள். மூக்காயி அதைக் கவனிக்கவில்லை. மெஷினைத்தான் பார்த்தாள்.

"அந்தா இருக்கே! கழட்டித் தாங்கண்ணே. நீங்க செஞ்சு தாறேன்னு சொன்ன தாழ்ப்பாள் வர்ற வரைக்கும் ராவுல இதத்தான் எங்க கதவு வளையத்துல சொருகுறேன். காலையில அக்காகிட்ட குடுத்திருவேன். எரும வந்து முட்டுனாலும் கதவு தெறக்காது. கம்பிதான் லேசா வளையும். நான் விடுவேனா? தெனம் அம்மிக்கல்லுல வச்சு தட்டி நிமித்திட்டுத்தான் குடுக்குறேன்!"

அல்பிரட் பிட்டைக் கழற்றி, சேலையில் கறை படாமல் நன்றாகத் துடைத்து, அவள் கையில் கொடுத்தார்.

"தாழ்ப்பாள எனக்கு நெனப்பூட்டி இருக்கலாம்ல?" என்றார், அவள் போனதும்.

"சொன்னா வெக்கப்படுவீங்கன்னுதான்" என்றாள் தெரேசம்மா.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் நிலாம் கடைக்குப் போய் வேறு பிட் வாங்கி வந்தார். மெஷின், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லாத பழைய மெஷின், நூல் பிடித்தாற்போலத் துளை போட்டது.

சாயங்காலம் மேளமும் பாட்டுமாய்ச் சுருவம் புறப்பட்டது. மூக்காயியும் பிள்ளைகளும் ரோட்டோரம் நின்று கும்பிட்டார்கள். "எங்கப்பா அல்பிரட்? கூடு கல்லு மாதிரி நிக்குதே!" என்று ரொபர்ட் தேடினார்.

ஆளில்லாத லயத்தில், மூக்காயி வீட்டுக் கதவின் உட்புறம் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார் அல்பிரட். தாழ்ப்பாளை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு தரையில் விழுந்திருந்த மரத்தூளைக் கையால் கூட்டி எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நடந்தார்.