மேற்குப் பக்கம் இல்லாத வீடு

இருட்டியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டொக், டொக், சற்று ஓய்வு, மறுபடி டொக். கடைசியில் ஏதோ ஒன்று நீளமாக முனகிக்கொண்டு விழுந்தது. ஏழு மாதக் குழந்தை சந்தியாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியில் கரண்ட் இல்லை, பஸ் இல்லை. வெள்ளிமலைப் பள்ளியில் வாத்தியாராக இருக்கும் என் கணவர் மலையிலிருந்து இறங்க வழியில்லை. எங்கள் அரசுக் குடியிருப்பு வாசலில் கதவும் இல்லை.

கதவு இல்லை என்பது சரியாகாது. புதுக் கதவு வந்து, உள்ளே சுவரில் சாய்ந்து இரண்டு மாதமாகிறது. மாட்ட அனுமதிதான் இல்லை.

அந்த வருஷம் அலுவலகங்களில் வரைபடத்தாள் மோகம். எந்த வீடானாலும் நான்கு மூலைகளையும் தாளில் புள்ளியாக வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் சாய்வையும் படிவத்தில் நிரப்பிய பிறகே ஆணி அடிக்கலாம். அளவு அதிகாரி தெய்வசிகாமணி எங்கள் வீட்டுக்கு வைத்த புள்ளிகள் (0,0), (8,0), (11,4), (0,4). தெற்கு எட்டு மீட்டர், சாய்வு சைபர். கிழக்கு ஐந்து மீட்டர், சாய்வு நாலு பை மூணு. வடக்கு பதினொன்று, சாய்வு சைபர். வாசல் இருக்கும் மேற்கில் நீளம் நாலு என்று ஒழுங்காகத்தான் வந்தது. சாய்வுக்கு நாலைச் சைபரால் வகுக்க வேண்டியிருந்தது. அவர் பேனாவை மூடிவிட்டார்.

"கான்வென்ட்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க சார். நிமிர்ந்து நிக்கிற கோட்டுக்குச் சாய்வு வரையறுக்க இயலாது. அப்படியே எழுதிடுங்க" என்றேன்.

"இயலாதுன்னு எழுதினா, ஆபீசுக்கு இயலலன்னு ஆயிடும்மா."

"சைபர் போட்டுடலாமே சார்" என்றார் கூட வந்த பியூன் கந்தசாமி.

"சைபர் போட்டா, தெற்குச் சுவரு மாரி இதுவும் படுத்துக்கும்யா."

பிறகு அழகான கையெழுத்தில் எழுதினார்: 'சாய்வு இல்லாமையால் மேற்படி பக்கம் இல்லை. பக்கம் இல்லாமையால் வாசல் இல்லை. வாசல் இல்லாமையால் கதவு தேவைப்படவில்லை.'

"அப்போ நீங்க எது வழியா உள்ளே வந்தீங்க சார்?"

"அது பயணப் படிவத்துல வரும்மா. வேற செக்‌ஷன்."

அன்றிலிருந்து வாசலில் சாக்குப் படுதா, அதற்கு முட்டுக்கொடுக்க அரிசி டின், அதன் பக்கத்தில் தூக்கமில்லாமல் நான்.

அந்த மறியல் ராத்திரி, மரம் விழுந்த சற்று நேரத்தில் டின் உருண்டது. படுதாவை விலக்கிக்கொண்டு இரண்டு உருவங்கள் உள்ளே பாய்ந்தன. தெய்வசிகாமணியும் கந்தசாமியும். அவர்கள் ஜீப்புக்கு முன்னால் மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த ஒரு புளியமரம், பின்னால் ஒரு புளியமரம்.

"கதவ மாட்டுய்யா, மொதல்ல கதவ மாட்டு."

"படிவம் சார்?" என்றேன்.

"அவசரத்துக்குத் தனி விதி இருக்கும்மா. உள்ள எடமில்ல, வெளிய நின்னு வெளக்கப் புடிங்க, கீல் தெரியல."

குழந்தையும் அரிக்கேனுமாக வெளியே நின்று வெளிச்சம் காட்டினேன். இருவரும் தூக்கி, முக்கி, கீலில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாதமாக நான் ஏங்கிய கதவு என் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது.

"சார், நான் வெளியே இருக்கேன்."

தெருவில் காலடி கேட்டது. கோடாலியோடு வந்தவர் எங்களுக்குத் தினமும் பால் ஊற்றும் அம்மாசி. இத்தனை ராத்திரி நான் பயந்தது இந்த முகத்துக்கா என்று வெட்கமாகிவிட்டது.

"இன்னா வாத்தியாரம்மா, பச்சக் கொழந்தையோட வெளிய நின்னுக்கினு இருக்கீங்க?"

சொன்னேன். கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க சனத்தையுந்தான், எத்தினி பேரு இருக்கோம்னு கேட்டா படிவத்துக் கட்டத்துல அடங்கலன்றாங்க. அதுக்குத்தான் இந்த மறியலே." பிறகு கதவைத் தட்டினார். "சார், தொறங்க. வாத்தியாரம்மா வூடு இது."

உள்ளேயிருந்து தெய்வசிகாமணியின் குரல், கோப்பு படிக்கும் நிதானத்தில் வந்தது.

"எந்தக் கதவுங்க? இந்த வூட்டுக்கு மேற்குப் பக்கமே இல்லியே."

அதன் பிறகு தாழ்ப்பாள் விழுந்தது, உள்பக்கமாக.