பம்பருக்கு வைத்த பொட்டு

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதுதான் ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் மட்டும் பெண்ணே காரை எடுத்துக்கொண்டு போய், வருங்கால மாமியாரை ஏற்றிக்கொண்டு வந்தாள். அந்த அதிகப்பிரசங்கி நான்தான். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடித்தபாடில்லை.

சென்ற ஆண்டு நடந்தது இது. நான் பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளியில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட கதிருக்குக் கொழும்பில் வேலை. அவனுடைய அம்மா ஹல்துமுல்லையில் தனியாக இருந்தார். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம்) ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பார்வையில் மடுவத்தையே தூங்க வைத்துவிடுவார் என்று கதிர் சொல்வான். சொல்லும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிடும்.

தன் அண்ணன் மகளைத்தான் மருமகளாக்குவது என்று உறுதியாக இருந்தவர், மகன் சாப்பாட்டை ஒதுக்கி அடம்பிடித்த பிறகு கொஞ்சம் இளகினார். என்னிடமே போனில் சொன்னார்:

"மொத நான் ஒத்தையா வந்து வீட்டப் பாக்குறேன். மனசுக்கு ஒப்புனா அப்புறம் ஆளுங்களக் கூட்டிட்டு வாறேன். ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முந்தி வாசப்படி தாண்டணும். தாண்டலைன்னா அதோட சரி."

அண்ணன் போய் அழைத்து வருவதாகத்தான் ஏற்பாடு. அவர் பதுளையில் வாடகை வண்டி ஓட்டுபவர். வாகன இறக்குமதியைப் பல வருடம் பூட்டி வைத்திருந்துவிட்டுத் திறந்தார்களே, அப்போது பழைய வேனை விற்று, ஜப்பானில் யாரோ ஓட்டிய சின்னக் கார் ஒன்றை இறக்கினார். காரின் விலையைக் கேட்டபோது அம்மா தலையை ஆட்டினார். அதன்மேல் போட்ட வரியைக் கேட்டபோது நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா செய்றது? நாம ஏறி ஓட்டுறது ஒரு காரு. கவர்மெண்டுக்குக் கட்டுனது இன்னொரு காரு" என்றார் அண்ணன்.

எஞ்சின் பெரிதானால் வரியும் பெரிதாகுமாம். அதனால் தையல் மெஷினுக்குக் கொஞ்சம் மேலான எஞ்சினாகப் பார்த்து எடுத்திருந்தார். ஆனால் அறிவு மட்டும் அதற்கு அளவில்லாமல் இருந்தது. முன் பம்பரில் சட்டைப் பொத்தான் அளவில் நான்கு வட்டங்கள், சென்சார்களாம். எதிரே ஏதாவது குறுக்கிட்டால் கத்தும்; மெதுவாகப் போகும்போது என்றால் தானே பிரேக்கும் பிடிக்கும். (எதிரில் ஆளைப் பார்த்தால் தானாக நிற்கிற காரை ஜப்பான்காரன் செய்துவிட்டான். வரி போடுகிறவர்களுக்கு அப்படி ஒன்றைப் பொருத்த இன்னும் யாராலும் முடியவில்லை.)

சனிக்கிழமை மாலை, காரைத் தூரத்தில் நின்று ரசிப்பதற்காக ஒவ்வோர் அடியாகப் பின்னால் போன அண்ணன், ரோட்டோர வடிகானுக்குள் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் சென்சார் எதுவும் இல்லையே. லைசன்ஸ் வைத்திருந்த அடுத்த ஆள் நான்.

கட்டிலில் படுத்தபடி அண்ணன் எனக்கு வகுப்பெடுத்தார். "அந்த நாலும்தான் வண்டிக்குக் கண்ணு. அதுக்கு முன்னுக்கு ஒண்ணும் தொங்கக் கூடாது. சேறு பட்டாலும் தொடச்சிரு. பம்பர் போச்சுன்னா வேற பம்பர் எடுக்கணும், அதுக்கும் வரி கட்டணும். வெளங்குச்சா?"

விளங்கியது. அதுதான் வினையே. விளங்காமலிருந்திருந்தால் பழியாவது என்மேல் விழுந்திருக்காது.

ஹல்துமுல்லைக்குப் போகும்வரை கார் தங்கக் கம்பி. அத்தை (அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று கதிர் பாடம் நடத்தியிருந்தான்) பட்டுச்சேலையில் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"புது வண்டி. ஒரு பூ இல்ல, பொட்டு இல்ல. இப்புடி மூளியாவா நல்ல காரியத்துக்குக் கூப்புட வருவாங்க?"

உள்ளே போனவர் கோயிலில் சாத்தி வாங்கிய செவ்வந்தி மாலையோடும் சந்தனக் கிண்ணத்தோடும் திரும்பி வந்தார். மாலையைப் பம்பரின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார். அது நடுவில் தொட்டில்போலத் தொங்கியது. அடுத்து அவர் கண்ணில் அந்த நான்கு வட்டங்களும் பட்டன.

"பாத்தியா புள்ள, ஜப்பான்காரன் பொட்டு வைக்க எடம் விட்டே செஞ்சிருக்கான்!"

நான்குக்கும் சந்தனம் குழைத்து, அதன்மேல் குங்குமம். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்து, "அத்தை, அது சென்சார், அழிச்சிருங்க" என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? பொட்டை அழிக்கச் சொல்லிக்கொண்டா ஒரு மருமகள் உறவைத் தொடங்குவாள்? "நல்லாயிருக்கு அத்தை" என்றேன். உலகத்திலேயே அடக்கமான பெண் நான்தான் என்று எனக்கே தோன்றியது.

நேர் ரோட்டில் வேகமாகப் போகும்வரை கார் மரியாதையாகத்தான் ஓடியது. அப்புத்தளை ஏற்றத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு. வேகத்தைக் குறைத்துத் திருப்பினேன். மாலை ஊஞ்சலாடியது. காருக்குள் அலாரம் கத்தியது. ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ கண்டித்தது. கார் சடக்கென்று நின்றது.

"ஏன் நின்னுச்சு?"

"ட்ராஃபிக் அத்தை."

அத்தை வெளியே எட்டிப் பார்த்தார். "ஒரு நாயைக்கூடக் காணோமே."

அடுத்த வளைவிலும் நின்றது. அதற்கடுத்ததிலும். சென்சாரை நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறது என்று அண்ணன் சொன்னது நினைவிருந்தது. ஆனால் எல்லாப் பட்டனிலும் ஜப்பான் எழுத்து. ஒன்றை அமுக்கினேன், பக்கக் கண்ணாடிகள் மடங்கின. இன்னொன்றை அமுக்கினேன், அத்தையின் சீட் சூடாகத் தொடங்கியது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், அவரே கண்டுபிடித்தார்.

பண்டாரவளை டவுனில் நடு ரோட்டில் நின்றபோது பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் கச்சேரியே நடத்தினான். வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. அத்தை கும்பிட்ட கையை இறக்கவேயில்லை.

"பூவும் பொட்டும் வச்சு, சாமிய வேண்டித்தான் ஏறுனேன். அப்புடியும் வண்டி மறிக்குதுன்னா..." என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "எங்கண்ணன் மகளை வேணாம்னு சொன்னது தப்போ என்னமோ."

உண்மையைச் சொன்னால், அவர் கையால் கட்டிய மாலைதான் குற்றவாளி என்றாகும். சொல்லாவிட்டால் குற்றவாளி நான்; தீர்ப்புச் சொல்வது சாமி. வளைவுக்கு வளைவு வாயைத் திறந்தேன், மூடினேன். ஓரமாக நிறுத்தி, மாலை வாடிவிடும் என்று ஏதாவது பொய் சொல்லி அவிழ்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று என் மூளையையும் யாரோ வரி கட்டாமல் துறைமுகத்தில் விட்டிருந்தார்கள்.

ஸ்பிரிங்வெளி ஏற்றம் வந்தபோது மணி நாலேகால். இன்னும் இரண்டே வளைவு, வீடு வந்துவிடும். அங்கே கார் ஒரேயடியாக மறுத்துவிட்டது. மிதித்தால் முனகியது, நகரவில்லை. அத்தை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"போதும் புள்ள. எனக்குப் புரிஞ்சிருச்சு. வண்டியத் திருப்பு."

திருப்பக்கூட அது ஒத்துக்கொள்ளாது என்று எப்படிச் சொல்வேன்? ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டேன். அப்போது தேயிலை மலையிலிருந்து ஒரு பசு இறங்கி வந்தது. காரின் முன்னால் நின்று மாலையை மோந்து பார்த்தது. சாவகாசமாகத் தின்னத் தொடங்கியது.

"ஐயையோ, சாமி மால!" என்று அத்தை கதவைத் திறந்தார். "ச்சூ! ச்சூ!"

"வெரட்டாதீங்க!" என்று நான் கத்தினேன். கத்தல் மலையில் மோதித் திரும்பி வந்தது. "திங்கட்டும் அத்தை! அந்த மாலைதான் வண்டிய மறிக்குது! நீங்க பொட்டு வச்சீங்களே, அது பொட்டு வைக்கிற எடம் இல்ல, வண்டியோட கண்ணு! கண்ண மறைச்சா அது எப்புடிப் போகும்? சாமி ஒண்ணும் சொல்லல, கதிர எனக்குக் குடுக்க வேணாம்னு சாமி சொல்லவேயில்ல!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன். டீச்சர் அழுததை ஸ்பிரிங்வெளியில் அந்தப் பசு மட்டும்தான் பார்த்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பசு மாலையை முடித்து, பம்பரையும் நாக்கால் ஒரு வழி வழித்துவிட்டுப் போனது. அத்தை திரும்பி வந்து உட்கார்ந்தார். "எடு வண்டிய" என்றார். எடுத்தேன். அலாரம் இல்லை, ஜப்பான்காரி இல்லை. கார் பூப்போல ஏறியது.

முதல் வளைவு தாண்டியதும், "ஹல்துமுல்லையிலயே சொல்ல என்ன கேடு?" என்றார்.

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயம்."

"மடுவத்துல கத்துற புள்ளைங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. பசின்னா பால் குடுப்பேன், வலின்னா தடவி விடுவேன். வலிய வச்சிக்கிட்டுச் சத்தமில்லாம கெடக்குமே, அதுதான் என்னைய ராத்திரியெல்லாம் தூங்க விடாது. மறுபடி எங்கிட்ட அப்புடி இருந்துறாத."

வீட்டு வாசலில் நின்றபோது நாலரை தாண்டிவிட்டது. அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார். அத்தை இறங்க மறுத்தார். ராகு காலம் முடியட்டும் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி ஜன்னல் வழியாகப் போனது, முறுக்கு போனது, கடைசியில் தன் வரிக் கதையோடு நொண்டிக்கொண்டு அண்ணனும் போனார். கல்யாணப் பேச்சு முழுவதும் அந்த ஜன்னலில்தான் நடந்தது.

"ராகு காலத்துல பேசுறோமேங்க" என்று அம்மா தயங்கினார்.

"இம்புட்டு வரி கட்டி நாட்டுக்குள்ள வந்த வண்டி" என்றார் அத்தை. "வரி கட்டாம இதுக்குள்ள ராகு எப்புடி வருவான்? நீங்க பேசுங்க."

கல்யாணமாகி இப்போது அத்தை எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மனதில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டால், மற்றவர்கள் ஏன் எதற்கென்று விசாரிப்பதில்லை. போன வாரம் கறியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. அத்தை சமைத்தது. நான் வாய் திறக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீயாச் சொல்றியா புள்ள, இல்ல, மாட்டக் கூப்புடவா?"