பரமேஸ்வரனின் மூட்டு வலி

“இடுப்புல என்னா கோளாறு, பரமேஸ்?”

காரை மெல்ல உருட்டிக்கொண்டே கண்ணாடியை இறக்கிக் கேட்டார் தம்புசாமி. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் பரமேஸ்வரனின் சூப்பர்வைசர் அவர். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை.

பாச்சாங் பகுதியிலுள்ள வீட்டிலிருந்து வேலைக்குப் பரமேஸ்வரன் நடந்துதான் போவார். சும்மா நடையில்லை, வேகநடை. முட்டி மடங்கக் கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். அப்படி நடந்தால் இடுப்பு ஆடத்தான் செய்யும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்; பரமேஸ்வரன் சிரிக்க மாட்டார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான வேகநடைப் போட்டிக்கு மாநில அணித் தேர்வு வருகிறது. மலாக்காவுக்கு ஒரே ஓர் இடம். பள்ளிக்கூடக் காலத்தில் கைநழுவிப்போன மாநிலச் சட்டையை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிற மனிதனுக்குப் பயிற்சி செய்ய இந்த வழியை விட்டால் வேறு நேரம் ஏது?

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பந்து விளையாட லீவு கேட்ட உடன்வேலைக்காரன் ஹரிதாசிடம், “வெளயாட்டு முக்கியமா, வேல முக்கியமா?” என்று கேட்டுவிட்டு, அவனுக்குச் சனிக்கிழமை தவறாமல் ஓவர்டைம் போட்டவர் இந்தத் தம்புசாமி. தேர்வும் சனிக்கிழமைதான்.

“மூட்டு வலிண்ணே.”

“ஐயையோ! அத வச்சிக்கிட்டா இவ்ளோ தூரம் நடக்குற? ஏறுலா, ஏறு!”

மறுநாள் காலையில் வாசலில் ஹாரன் சத்தம். அதற்கடுத்த நாளும். காரில் தேங்காய்ப்பால் சோறும் சம்பாலுமாகச் சூடான நாசி லெமாக் பொட்டலம் வேறு காத்திருந்தது.

“வேணாம்ணே, ஒங்களுக்கு எதுக்கு சிரமம்?”

“சாப்புடு. ஒடம்புல தெம்பு இருந்தாத்தான் வலி போவும்.”

காலைப் பயிற்சி ஒழிந்தது. சாயங்காலம் நடக்கலாமென்றால், அதே கார் தொழிற்சாலை கேட் அருகே நின்றது. சரி, சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குப் பின்னால் நடந்து பார்ப்போம் என்று போனார். திரும்பினால் தம்புசாமி!

“மறுபடியும் வலி வந்துருச்சா?”

அன்றே அவருக்கு ஒரு நாற்காலி வந்தது. இனி உட்கார்ந்தே வேலை. நாற்காலி வந்த பிறகு நொண்டாமல் இருக்க முடியுமா? நொண்டினார். நொண்டி நொண்டி அதுவே பழக்கமாகி, வீட்டிலும் நொண்டினார்.

“எந்தக் கால்ல வலின்னு மொதல்ல முடிவு பண்ணுங்க,” என்றாள் மனைவி பவானேஸ்வரி. “நேத்து எடது, இன்னைக்கு வலது. பேண்ட் பட்டன் வேற தெறிச்சிக்கிட்டு நிக்குது.”

அந்த வாரமே தம்புசாமி ஒரு தைலப் புட்டியை நீட்டினார். “என் சம்சாரம் காய்ச்சுனது. தேய்ச்சிட்டு அசையாமப் படுத்துக்க.”

பரமேஸ்வரன் புட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட நல்ல மனுசனையா ஏமாற்றுகிறோம்? ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டார்.

“சனிக்கெழம லீவு வேணும்ணே. டாக்டர்கிட்ட காட்டணும்.”

தம்புசாமியின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு தோளைத் தட்டினார். “காட்டிட்டு நேரா வீட்டுக்குப் போய்ப் படு. கட்டில வுட்டு எறங்கவே கூடாது, சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை. பரமேஸ்வரன் தேர்வு நடக்கும் திடலுக்குள் நுழைந்தார். மர நிழலில் தம்புசாமியின் கார் நின்றது. பிடிக்கத்தான் வந்துவிட்டார்! சட்டையும் போச்சு, வேலையும் போச்சு. கால் தானாகவே நொண்டத் தொடங்கியது.

காருக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியோடு நின்ற பெண், “பாத்து வாங்கண்ணே,” என்றாள்.

“இது... தம்புசாமி அண்ணன் காருதானே?”

“ஆமா, எங்க வீட்டுக்காரருதான். சட்ட மாத்தப் போயிருக்காரு. நீங்க?”

“அவருகிட்டதான் வேல செய்றேன். பரமேஸ்வரன்.”

அவள் பதில் சொல்வதற்குள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து தம்புசாமி வந்தார். அரைக்கால் சட்டை. நெஞ்சில் போட்டி எண். முட்டி மடங்காமல், இடுப்பு ஒரு சீராக ஆட வந்தவர், பரமேஸ்வரனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பரமேஸ்வரன் நொண்டுவதை மறந்தார்.

அந்தப் பெண் மட்டும் முகம் மலரச் சொன்னாள்:

“அட, பாச்சாங்லேருந்து நடந்தே வேலைக்கு வருவீங்களே, அந்த அண்ணனா நீங்க? ‘அவன தெனம் கார்ல ஏத்தி நல்லா சாப்பாடு போடலன்னா எனக்கு இந்த வருசமும் எடம் கெடைக்காது’ன்னு இவரு ராத்திரியெல்லாம் தூங்காமப் பொலம்புனாரே!”