கதவு பாயும், ஊரே இல்லை என்ற பனிக்கரடியும்

பூட்டிய கதவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கதவு பாய். நீங்களும் நானும் பூட்டிய கதவைப் பார்த்தால் சாவி யாரிடம் என்று கேட்போம், கிடைக்காவிட்டால் போன் போட்டுச் சத்தம் போடுவோம். பாய் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொள்வார். இலை போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட கல்யாண விருந்தாளி மாதிரி முகம் மலர்ந்துவிடும்.

வேங்கிக்காலில் புது மனைகளுக்கு நடுவே எங்கள் இன்ஜினியர் சார் ஒரு பிளான் போடும் ஆபீஸ் நடத்தினார். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். பாயும் நானும் அங்கே பக்கத்துப் பக்கத்து மேஜை. திருவண்ணாமலையில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. அண்ணன்மார் இரண்டு பேரும் டிரங்குப் பெட்டி, பீரோ செய்து விற்பவர்கள். பூட்டு சாவி ஆசை ரத்தத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

ஆபீஸ் வேலை பாய்க்குச் சோற்றுக்கு. உயிர் வேறிடத்தில் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அட்வெஞ்சர் கேம் செய்வார். விளையாடுவதில்லை, செய்வார். அந்த விளையாட்டில் சுடுவது, வெட்டுவது, கார் ஓட்டுவது எதுவும் கிடையாது. திரையில் ஒரு அறை இருக்கும். அதில் கதவு பூட்டியிருக்கும். மேஜை, பானை, பல்லி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுப் பார்த்து, கிடைத்ததை எடுத்துப் பையில் போட்டு, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, எதிரே வருகிற ஆளிடமெல்லாம் பேச்சுக் கொடுத்து, எப்படியாவது அந்தக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் அடுத்த அறை. அங்கே இன்னொரு பூட்டு.

இதையே பொழுதுபோக்காகச் செய்கிற கூட்டம் ஒன்று உலகம் முழுவதும் இருக்கிறது. இணையத்தில் ஓர் இடத்தில் கூடி, ஒருவர் செய்ததை ஒருவர் விளையாடி, பாராட்டி, சண்டை போட்டுக்கொள்வார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லாம் ஆந்தை, ஊறுகாய், பனிக்கரடி மாதிரியான பெயர்கள். அவர்களைப் பாய் "நம்ம பசங்க" என்பார். அந்தப் பசங்களில் ஒருவர் பிரேசிலில் ஓய்வு பெற்ற பல் டாக்டர், பேரன் பேத்தி எடுத்தவர். போலந்துக்காரர் ஒருவர் பாயின் கேமுக்கு இலவசமாக இசை அமைத்துக் கொடுத்தார். இசைக்கு மாதிரியாகப் பாய் அவருக்கு அனுப்பியது கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் ஹாரன்.

வாழ்க்கையையும் பாய் அந்த விளையாட்டு மாதிரியேதான் நடத்தினார். எதையும் தூக்கிப் போட மாட்டார். அவருடைய தோள்பையில் ஒரு காந்தம், அரை முழம் கயிறு, கைப்பிடி இல்லாத கரண்டி, யாருடையதென்று தெரியாத ஒரு சாவி, இவையெல்லாம் எப்போதும் இருக்கும். எதற்கு என்றால், "அடுத்த ரூம்ல தேவைப்படும்பா" என்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் வரிசையாக எல்லாரிடமும் பேசிக்கொண்டே போவார், நாதஸ்வரக்காரரையும் விடமாட்டார். யாரிடம் என்ன துப்பு இருக்குமோ, யார் கண்டது?

ஒருநாள் காலை நாங்கள் போனபோது இன்ஜினியர் சாரின் அறைக் கதவு திறக்கவில்லை. நான் சாருக்குப் போன் போடப் போனேன். பாய் என் கையைப் பிடித்துவிட்டார். கதவுக்கு அடியில் செய்தித்தாளை நுழைத்தார். சாவித் துவாரத்தில் பென்சிலை விட்டுக் குத்தினார். உள்ளே சாவி இருந்தால் பேப்பர் மேல் விழும், இழுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். சாவி விழவில்லை. காந்தம் வந்தது. கயிறு வந்தது. கரண்டியும் வந்தது. பென்சில் உடைந்து முனை உள்ளேயே மாட்டிக்கொண்டது. பாய் வேர்த்து வழிந்துகொண்டு தரையில் படுத்திருந்தபோது சார் வந்தார். எங்களைத் தாண்டிப் போய்க் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். கதவு திறந்தது. முந்தின நாள்தான் தச்சர் வந்து கதவை மாற்றி மாட்டியிருந்தாராம்.

"இழுக்கற கதவுய்யா இது" என்றார் சார்.

பாய் வெட்கப்படவே இல்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, இது நல்ல புதிர், அடுத்த கேமில் வைக்கலாம் என்று என்னிடம் சொன்னார்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் வியாபாரி ஒருவருக்குப் பாய் போட்ட பிளான் இன்னும் பெரிய கதை. சமையலறை அலமாரியைத் தள்ளினால் பின்னால் ஓர் அறை. அதை வியாபாரியும் கேட்கவில்லை, சாரும் சொல்லவில்லை. பிளானைப் பார்த்த சாருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. வாடிக்கையாளர் எதிரிலேயே பாயைத் திட்டத் தொடங்கினார். வியாபாரியோ பிளானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த அறை இருக்கட்டும், மூட்டை போட ஆகும் என்று சொல்லிவிட்டார். பிறகு அவருடைய மச்சான்கள் மூன்று பேரும் வந்து அதே மாதிரி கேட்டார்கள். அவர்களில் யாரிடமிருந்து யார் எதை ஒளிக்கப் போகிறார்கள் என்று சார் கவலைப்பட்டார்.

பாயின் பெரிய கேம் 'செருப்பைக் காணோம்'. கதாநாயகன் கோபுர வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகிறான். வெளியே வந்தால் செருப்பு இல்லை. அதைத் தேடி ஊர் முழுக்கச் சுற்றுகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் ஊர் அப்படியே இருந்தது. பேங்க் படியில் படுத்திருக்கும் மாடு, அதைச் சுற்றிக்கொண்டு போகும் ஜனங்கள், எப்போது கேட்டாலும் சற்று முன்தான் வெளியே போன ஒரு அதிகாரி. ஆபீஸ் பக்கத்து டீக்கடை ஏழுமலையும் இருந்தார். அவர் குரல்கூட அவருடையதே. டீ குடிக்கிற சாக்கில் போனை மேஜைமேல் வைத்து, சம்பந்தமில்லாத பொருள்களை ஒவ்வொன்றாக ஏழுமலையிடம் நீட்டி, அவர் எரிச்சலோடு சொன்னதையெல்லாம் பாய் பதிவு செய்துகொண்டார். தன் எரிச்சல் பல தேசங்களில் ஒலிக்கிறது என்று ஏழுமலைக்குத் தெரியாது.

பசங்கள் கேமைக் கொண்டாடினார்கள். ஆனால் ஓரிடத்தில் எல்லாருமே மாட்டிக்கொண்டார்கள். கிரிவலப் பாதைக்குப் போக ஒரு புத்தம்புது ஆட்டோ நிற்கும். டிரைவர் எடுக்கமாட்டேன் என்பார். கதாநாயகன் பையில், பூக்கடையில் ஒன்றைக் கொடுத்தது போக, மீதி ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். நம் ஊர்க் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு வைக்கும். பல் டாக்டர் பழத்தை மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஊறுகாய் என்ற பெயர் வைத்திருந்தவருக்கே அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பாய் தினமும் ஆபீஸில் அவர்கள் புலம்பலைப் படித்துக் காட்டி மகிழ்ந்தார்.

அப்போதுதான் பனிக்கரடி எழுதினார். நார்வேக்காரர். கூட்டத்தில் மூத்தவர், அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு ஜாஸ்தி. புதிர்கள் நியாயமாக இல்லை, பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியக்காரன் போல் அலைகிறேன், இப்படி ஓர் ஊர் உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது, செய்தவர் மனம்போன போக்கில் எதையோ கற்பனை செய்திருக்கிறார் என்று எழுதிவிட்டார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

பாய் அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. போனை என் மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் படித்து முடித்ததும் சொன்னார்.

"புதிரு கஷ்டம்னு சொல்லட்டும்பா, ஒத்துக்கறேன். ஊரே இல்லன்னுட்டான்."

இனிமேல் கேம் செய்யப்போவதில்லை என்று கூட்டத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டார். அதன் பிறகு அவர் நல்ல மனிதராகிவிட்டார். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. தோள்பை காலி. அதில் சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. பிளான்களில் கதவுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கூப்பிட்டால் வந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், நேரத்துக்குக் கிளம்பினார். முதலில் சந்தோஷப்பட்ட இன்ஜினியர் சார், கொஞ்ச நாளில் என்னைத் தனியே அழைத்தார்.

"பாய்க்கு உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா? ஒரே ஒரு கதவயாவது தப்பா போடச் சொல்லேன்."

மார்கழி வந்தது. பனியோடு வெளிநாட்டுக்காரர்களும் ஊருக்குள் இறங்கினார்கள். ஒருநாள் மதியம் ஏழுமலை எனக்குப் போன் செய்தார். கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறார், ஆசிரமத்து ஆள் மாதிரி தெரியவில்லை, வந்ததிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறார் என்றார்.

"என்னாத்துக்கு எனக்கு இதுன்னு கேட்டேன். அத்த கேட்டதும் என் கையப் புடிச்சிக்கினு உட மாட்றாருப்பா. யாவாரம் கெடுது."

நான் பாயிடம் சொன்னேன். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். எத்தனை பழம் என்று கேட்டார். ஒன்று என்றேன். "அப்ப பூக்கடைய தாண்டிட்டாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

டீக்கடை பெஞ்சில், வெயிலில் காது சிவந்துபோய், பீரோ அளவுக்கு ஓர் ஆள். கூட்டத்தில் பாயின் படத்தைப் பார்த்திருப்பார் போல, பாயைப் பார்த்ததும் எழுந்து நின்று, தன் கூட்டத்துப் பெயரைச் சொன்னார். பனிக்கரடி. பாயின் முகம் இறுகிவிட்டது. ஏழுமலை பாய்லரைக் கூட மறந்துவிட்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பனிக்கரடி மெதுவான இங்கிலீஷில் பேசினார். எங்களுக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாய் போய்விட்ட பிறகு மனசு கேட்கவில்லையாம். ஊர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது என்று கிளம்பி வந்துவிட்டார். வந்தால், பேங்க் படியில் மாடு. அதைச் சுற்றிக்கொண்டு போகும் ஜனங்கள். கேமில் நடந்த வழியிலேயே நடந்து, யாரையும் கேட்காமல் டீக்கடைக்கு வந்திருக்கிறார். கேமில் செய்தது போலவே பழத்தை நீட்டியிருக்கிறார். பல மாதங்களாகத் தன் வீட்டுச் சமையலறையில் கேட்ட அதே குரல், அதே எரிச்சலோடு அதே வார்த்தைகளைச் சொன்னதாம். அவருடைய சின்ன மகளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதானாம்.

நான் எழுதியது தப்பு என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், அந்தப் பழத்தை என்ன செய்வதென்று மட்டும் சொல்லிவிடு என்று கெஞ்சினார்.

பாய்க்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் புதிர் செய்தவர் புதிர் செய்தவர்தானே. "சொல்ல மாட்டேன்னு சொல்லுப்பா" என்று என்னிடம் சொன்னார். "வேணும்னா காட்டறேன்."

மூவரும் என் வண்டியில் ஏற முடியாமல் ஏறி, புது வண்டிகளுக்குப் பூஜை போடும் பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் மாலை போட்ட புது ஆட்டோ ஒன்று வந்தது. ஐயர் கற்பூரம் காட்டினார். ஒருவர் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார். ஆட்டோ நசுக்கிக்கொண்டு புறப்பட்டது.

பனிக்கரடி சக்கரத்தைப் பார்த்தார். தன் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் தெருவில் உட்கார்ந்து அழுதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. பூ வாங்க வந்த ஓர் அம்மாள் மட்டும், "புண்ணியம் பண்ணவரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். பாயும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலையே பனிக்கரடி கூட்டத்தில் எழுதிவிட்டார். 'ஊர் இருக்கிறது. பழமும் நியாயமானதுதான். விடையை நான் சொல்லமாட்டேன்.' அதற்குக் கீழே பல் டாக்டர் போட்ட புலம்பலை மறுநாள் பாய் ஆபீஸ் முழுக்க வாசித்துக் காட்டினார். அந்த வாரமே ஒரு பிளானில் குளியலறைக்கு மூன்று கதவு வைத்தார். சார் தெருவரை கேட்கிற மாதிரி திட்டினார். திட்டி முடித்துவிட்டு எல்லாருக்கும் டீ சொன்னார்.

நான் பிறகு ஓசூருக்கு வந்துவிட்டேன். போன மாதம் பாய் தன் புது கேமை அனுப்பியிருந்தார். அதில் ஒரு பிளான் ஆபீஸ் வருகிறது. ஜன்னலோரம் ஒருவன் குனிந்து வரைந்துகொண்டிருக்கிறான். என்னைப் போலவே முன்வழுக்கை. அவனைத் தொட்டால் நிமிர்ந்து, "சாப்ட்டியா?" என்று கேட்கிறான். எத்தனை முறை தொட்டாலும் அதையேதான் கேட்கிறான். எதைக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. அவனால் எந்தக் கதவும் திறப்பதாகத் தெரியவில்லை. பாய்க்குப் போன் போட்டு, இந்த ஆள் எதற்கு என்று கேட்டேன்.

"எதுக்கும் இல்லப்பா. அந்த ரூம்ல நீ இல்லன்னா நல்லா இல்ல, அதான்."

சில சாயங்காலங்களில் அந்த கேமைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். அடுத்த அறைக்குப் போக வழி தெரிந்துவிட்டது. இன்னும் போகவில்லை.