ஆப்பிள் சாரும் வேங்கிக்கால் வெயிலும்

திருவண்ணாமலையில் ஆப்பிள் காய்க்க வைக்கிறேன் என்று கிளம்பி, அதற்காக மூன்று முறை பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த மனிதர் இந்த அரசாங்கத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவருக்காக ஐஸ் கட்டி சுமந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவனும் ஒருவன்தான். அது நான். இதை எழுதும்போதுகூட முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயம். வேலூரில் நிம்மதியாகக் கோப்பு தள்ளிக்கொண்டிருந்த என்னை வேங்கிக்காலில் இருந்த புது அலுவலகத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். பிள்ளைகள் படிப்பு கெடுமே என்று குடும்பத்தை வேலூரிலேயே விட்டுவிட்டுத் தனியாக வந்து, தங்க ஓர் அறை தேடினேன். “ஆப்பிள் சார் வீட்ல ஒரு ரூம் இருக்குது, கேட்டுப் பாருங்க” என்றார்கள். அவர் எங்கள் அலுவலகத்திலேயே பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவர். கன்னம் சிவப்பாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆள் பனைமரம் மாதிரி கறுத்து, நெட்டையாக நின்றார்.

“ரூம் குடுக்கறதுல ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட சைக்கிள் இருக்குதா?”

“இருக்குது சார்.”

“பின்னால கேரியர் ஸ்ட்ராங்கா?”

ஆபீசுக்கு டபுள்ஸ் வரப் பார்க்கிறார் என்று நினைத்து, “ரொம்ப ஸ்ட்ராங்” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாட்டைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

வீட்டின் பின்பக்கம் போனால் பாறையும் சரளையுமாக இருந்த இடத்தை ஆள் உயரத்துக்கு வெட்டி, எங்கிருந்தோ செம்மண் கொண்டுவந்து கொட்டி, மூன்று செடிகள் நட்டு வைத்திருந்தார். ஒன்று ஆப்பிள், ஒன்று பீச், ஒன்று ப்ளம். அரசாங்கச் சலுகையில் மனைவியோடு சிம்லாவுக்குப் போனவர், எல்லாரும் கம்பளி வாங்கி வருவதுபோல் மூன்று ஒட்டுக்கன்றுகளை வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். வழியெல்லாம் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு அக்காவுக்குத் தாகத்துக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாராம். அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை.

வேங்கிக்கால் வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சித்திரையில் கொடியின் அந்தக் கோடியில் கடைசித் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் இந்தக் கோடியில் முதல் துணி காய்ந்து கருவாடாகியிருக்கும். முதல் சித்திரையிலேயே பீச் போய்விட்டது. ஆப்பிள் சார் ‘வீட்டில் ஒரு துக்கம்’ என்று எழுதி ஒரு நாள் விடுப்பு எடுத்தார். விசாரிக்கப் போன இரண்டு பேர் மாலையோடு திரும்பி வந்தார்கள். அடுத்த வருஷம் ப்ளம்மைக் கரையான் தின்றது. நான் குடிவந்தபோது மிச்சம் ஆப்பிள் ஒன்றுதான்.

“மரம் நல்லாத்தான் இருக்குது சார்” என்றார் என்னிடம். “குளிருதான் நம்ம ஊர்ல கொஞ்சம் கம்மி. மார்கழியில கொஞ்சம் வருதா? மிச்சத்த நாம போட்டுட்டா சரியாப் போச்சு.”

நாம என்றால் யார் என்று மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஊருக்குள் இருந்த ஐஸ் பேக்டரியில் ஒரு பாளம் ஐஸை உமி போட்டு, சாக்கில் சுற்றி, என் கேரியரில் கட்டினார். நான் தள்ள, அவர் பின்னால் பிடித்துக்கொள்ள, பேண்ட் முழுக்கத் தண்ணீர் சொட்ட ஊர்வலமாகப் போனோம். எதிரில் வந்தவர்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்கள்.

“இன்னா சார் இது! யாரு தவறிட்டாங்க?”

“யாரும் தவறலைங்க. ஆப்பிளுக்கு” என்றார் இவர்.

அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு மார்கழி, இரண்டு மார்கழி இல்லை. நான்கு மார்கழி தள்ளினேன். வேலூருக்குப் போனால் என் மனைவி, “ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வருதுன்னு சொன்னாங்க, நீங்க இன்னாத்துக்கு ஐஸ் தூக்கறீங்க?” என்று முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்பாள். முடியாது என்று சொல்லலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிவெடுப்பேன். ஞாயிறு காலை அவர் குளித்து, திருநீறு பூசி, சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

ஒருநாள் ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த மனிதரின் அப்பாவுக்கு ஊரில் ஆப்பிள் தோட்டம் இருந்ததாம். வந்தவர் மரத்தைப் பார்த்தார், ஐஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் வேட்டி அவிழ்கிற அளவுக்குச் சிரித்தார். என் அரைகுறை இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது இதுதான்: அவர்கள் ஊரில் பூ விடுகிற நேரத்தில் உறைபனி கொட்டிப் பூவைக் கருக்கிவிடும். அதனால் அவர் அப்பா தோட்டம் முழுக்க நெருப்பு மூட்டி மரத்துக்குச் சூடு காட்டுவாராம்.

நான் மொழிபெயர்த்ததும் ஆப்பிள் சார் அந்த வெள்ளைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா? அவங்க அப்பாரும் நம்ம ஜாதிதான் சார்! அவரு நெருப்பு வைக்கிறாரு, நாம ஐஸ் வைக்கிறோம்.”

வெள்ளைக்காரர் போகும்போது ஒரு யோசனை சொன்னார். ஐஸை விட்டுவிட்டு, மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். இலையெல்லாம் கையால் உருவிவிடுங்கள். குளிர்காலம் வந்துவிட்டது என்று நினைத்து மரம் தூங்கும். விழித்ததும் பூக்கலாம் என்றார். அவரை நான் என் குலதெய்வத்துக்கு அடுத்தபடி வைத்துக் கும்பிட்டேன். ஆனால் நான்கு வருஷத்தில் அந்த மரம் எத்தனை இலை விட்டிருந்தது என்பதை, உருவ உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். மரம் தூங்கிய ஒரு மாதமும் அக்கா பின்பக்கம் பாத்திரம் தேய்க்கக் கூடாது என்று உத்தரவு.

அந்த மாதத்தில்தான் மூன்றாவது முறையாகப் பதவி உயர்வு வந்தது. ராமநாதபுரம் போகவேண்டும். இவர் வழக்கம்போல் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று எழுதி நீட்டினார். புதிதாக வந்திருந்த அதிகாரி கூப்பிட்டுவிட்டார். கோப்போடு நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“குடும்பத்துல யாருக்குங்க உடம்பு சரியில்ல?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். தூங்குது. நான் போயிட்டா எழுப்ப ஆள் இல்ல.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “மூணு தடவ வேணாம்னு எழுதியாச்சு. சின்னவங்க எல்லாம் உங்கள தாண்டிப் போயிட்டாங்க. உங்களுக்கு வருத்தமா இல்லையா?” என்றார் அதிகாரி.

“இருக்குது சார்” என்றார் ஆப்பிள் சார். அவ்வளவுதான். அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அக்காவிடம் அன்று நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். “நீங்களாவது சொல்லக் கூடாதாக்கா? எதுக்கு இந்த மரம்?”

“நான் சொல்லி வந்த வினைதான் தம்பி. சிம்லாவுல ஒரு தோட்டத்துல நின்னுக்கிட்டு, இதே மாதிரி நம்ம ஊர்லயும் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு சொன்னேன். இவரு மரத்தன்னு நெனச்சிக்கினாரு. நான் சொன்னது அந்தக் குளிர!”

“அதை அவர்கிட்ட சொல்றதுதானே?”

“மடியில வெச்சிக்கினு ரெண்டு நாளு ரயில்ல வந்தாரு தம்பி. எப்படிச் சொல்றது?”

மாசியில் மரம் விழித்தது. நம்பமாட்டீர்கள், ஐந்து பூ. ஆப்பிள் சார் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தம் தடவினார். நான்கு உதிர்ந்தது. ஒன்று நின்றது. பட்டாணியாகி, நெல்லிக்காயாகி, எலுமிச்சை அளவுக்கு வந்ததும் அக்கா கொசுவலைத் துணியில் அதற்கு ஒரு பை தைத்துக் கொடுத்தார். அலுவலகமே ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனது. சிரித்தவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பின்பக்கம் வந்தார்கள். ஆனி பிறந்தபோது அதன் ஒரு கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏறியது. “இன்னும் ஒரு வாரம்” என்றார் ஆப்பிள் சார்.

அந்த வாரத்தில் போளூரில் அக்காவின் அண்ணன் வீட்டுக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. “ஒரு நாளுதான். கண்ண மூடாதீங்க சார்” என்று என் கையில் கழியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் வரை மூடவில்லை. தயிர்சோறு தின்றுவிட்டு, குடையை விரித்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்கு வருஷத்து அலுப்பு மொத்தமும் அப்போதுதானா வரவேண்டும்? சத்தம் கேட்டு விழித்தபோது மதில்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. கொசுவலை கிழிந்து தொங்கியது. பழம் அதன் கையில். நான் கழியைத் தேடுவதற்குள் ஒரு கடி கடித்தது. முகத்தைக் கோணலாக்கித் துப்பியது. பழத்தைத் தூர எறிந்துவிட்டு, என்னைத் திட்டுவதுபோல் பல்லைக் காட்டிவிட்டுப் போயிற்று.

எடுத்துத் துடைத்து நானும் ஒரு கடி கடித்தேன். குரங்கின்மேல் குற்றம் சொல்ல முடியாது. பச்சைப் புளியங்காயை மரத்தூளில் பிசைந்த மாதிரி இருந்தது. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டதும் பதறிப்போய் மிச்சத்தைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போட்டேன்.

ஆப்பிள் சார் கல்யாணச் சட்டையோடு நேராகப் பின்பக்கம் வந்தார். கிழிந்த பையைப் பார்த்தார்.

“தூங்கிட்டேன் சார். குரங்கு...” என்றேன்.

அவர் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிளையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “துப்பிச்சா, முழுங்கிச்சா?” என்று கேட்டார்.

“சார்?”

“குரங்கு. வாயில வெச்சிதே, துப்பிச்சா, முழுங்கிச்சா?”

“முழுங்கிச்சு சார்” என்றேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. “விதையக்கூட விடல. கையெல்லாம் நக்கிச்சு.”

“அப்ப இனிப்புதான்!” என்று எழுந்தார். “அது பொய் சொல்லாது சார்! ஏய், இங்க வா, கேட்டியா? முழுசா தின்னுடிச்சாம்!”

மறுநாள் காலை அக்கா என் அறைக்குக் காபி கொண்டுவந்தார். டம்ளரை வைத்துவிட்டு, “துவைக்கிற கல்லாண்ட பெருக்கினேன் தம்பி” என்றார். நான் எழுந்து நின்றேன். “அப்படியே இருக்கட்டும். நானும் ஒண்ணும் பாக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை பதவி உயர்வு வந்தபோது ஆப்பிள் சார் மறுக்கவில்லை. “காய்ச்சிடுச்சு. இனிமே எங்க வேணாலும் போவலாம்” என்று கையெழுத்துப் போட்டார். பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியை நான்தான் தூக்கினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம், “அந்தப் பழம் எப்படி இருந்துச்சுன்னு இவரக் கேளுங்க, கூடவே இருந்து பாத்தவரு” என்றார். அந்த ஆளும் என்னைப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து அக்காவும் பார்த்தார்.

வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ தப்பு எழுதி மெமோ வாங்கித் திருத்தியிருக்கிறேன். திருத்த மனமே வராத தப்பு அந்த ஒன்றுதான். “தேனுங்க” என்றேன்.